வாங்கிய கோல்கள்

செங்கோல் கொடுங்கோல் என்று
தமிழ் வகுப்பில் பிரித்து எழுதிய அந்த வருஷம்
மூன்றாவதாக ஒரு கோல்
என் முதுகுக்குப் பின்னால் நின்றது.
இரண்டு சவுக்குக் கழி, குறுக்கே தேங்காய்க் கயிறு.
வலை கிடையாது.
உள்ளே போன பந்தை எடுத்துவர
மஞ்சக்குப்பம் மைதானத்தின் வேலிவரை
நானேதான் ஓடவேண்டும்.
பதினெட்டு முறை ஓடினேன் அந்த சீசனில்.

சண்டை நின்று ஒரு வருஷம்.
அரிசிக்குக் கார்டு, துணிக்குக் கார்டு.
பதினொரு சட்டை கேட்டு எழுதிய மனு
தாலுகா ஆபீசில் தூங்கிக்கொண்டிருக்க,
பட்டாளத்துக் கூடாரத் துணியை
ஏலத்தில் எடுத்துவந்தார் டிரில் மாஸ்டர் ஞானாதிக்கம்.
அவுரியில் முக்கினோம்.
பிடித்துவிட்டது போலத்தான் இருந்தது சாயம்.
முதல் ஆட்டம், ஐப்பசி அடைமழை:
இடைவேளைக்குள்
சட்டை வெளுத்துவிட்டது, நாங்கள் நீலமாகிவிட்டோம்.
"கிருஷ்ண ஜெயந்தி போன மாசமேடா!"
கூட்டத்தில் எவனோ கத்தினான்.
அன்றைக்கு ஐந்து.

பூட்ஸ் ஆறே ஜோடி.
தேவனாம்பட்டினத்துப் பாவாடை மட்டும்
தன் முறை வந்தாலும் வாங்கமாட்டான்.
அதைப் போட்டால்
காதை அடைத்தாற்போல் இருக்கிறதாம் அவனுக்கு.

எங்களோடு இன்டர்மீடியட்டில் உட்கார்ந்த
தெய்வசிகாமணிக்கு வயது இருபத்தைந்து.
பர்மாவிலிருந்து வந்தபோது
இடதுகை முழங்கையோடு முடிந்திருந்தது.
"கையால தொடக்கூடாத ஆட்டம்தானே" என்று சேர்ந்தான்.
த்ரோ-இன்னை மறந்துவிட்டான், நாங்களும்தான்.
இரண்டு கையாலும் தலைக்குமேல் என்பது சட்டம்.
பந்து கோட்டைத் தாண்டினால் ஒதுங்கிக்கொள்வான்.
வேறொருவன் ஓடிவந்து எறியும்வரை
இருக்கிற கையை இடுப்பில் வைத்து
பஸ்ஸுக்கு நிற்பவன்போல் நிற்பான்.

திருவண்ணாமலையில் மூன்று.
சிதம்பரத்தில் நாலு.
(அதில் ஒன்று என் காலிடுக்கில்.
அதைப் பற்றி இப்போது வேண்டாம்.)

புதுச்சேரிக்குப் பந்தோடு போனோம்.
உள்ளே என்ன என்றான் சுங்கச் சாவடிக்காரன்.
காற்று என்றோம்.
இறக்கிக் காட்டு என்றான்.
இறக்கினோம். பம்பு கடலூரில்.
முத்தியால்பேட்டைப் பையன்கள் தங்கள் பந்தைத் தந்தார்கள்.
நல்ல பந்து. அதிலேயே நாலு போட்டார்கள்,
ஒவ்வொன்றுக்கும் "பர்தோன்" சொல்லிக்கொண்டு.
ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு நீள ரொட்டி.
எல்லை வருமுன் தின்று தீர்த்தோம்.
"என்ன கொண்டுபோறீங்க?"
அதே ஆள், அதே லாந்தர்.
"நாலு கோலு" என்றான் பாவாடை.
சிரிக்காமல் கயிற்றை இறக்கிவிட்டான்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில்.
இரண்டு வாங்கி ஒன்று போட்டிருந்தோம்.
நிழல் நீண்டுவிட்டது,
ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தாயிற்று.
பந்து கோட்டுக்கு வெளியே உருண்டு
தெய்வசிகாமணியின் காலடியில் நின்றது.
பக்கத்தில் யாரும் இல்லை.
குனிந்தான். வலதுகையால் எடுத்தான்.
உடம்பைப் பின்னால் வளைத்து
ஒற்றைக்கையால் எறிந்தான்.
அப்படி ஒரு தூரத்தை
அந்த மைதானம் அதுவரை கண்டதில்லை.
பாவாடையின் நெற்றியில் பட்டு
பந்து உள்ளே போனது.
ஊர் எழுந்து கத்தியது.
விசில் ஊதினார் ரெஃப்ரி: ஃபௌல்.
சட்டம் சட்டம்தான்.
எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நான் மறுகோடியில் இருந்தேன்.
பந்தைப் பார்க்கவில்லை.
எறிந்த மறுகணம்
அவன் குப்புற விழுந்து
முகத்தைப் புல்லில் புதைத்து
ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன்.
மூன்று எண்ணும் நேரம்.
பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான்.

இருட்டியபின் கெடிலத்தில் இறங்கி
கழுத்து நீலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.
"சேறு. வழுக்கிடுச்சு" என்றான்.
நான் கேட்கவே இல்லை.
"ஆமா, சேறு" என்றேன்.
மழை விட்டு
இருபது நாள் ஆகியிருந்தது.